ஐந்து வயதில் கறுப்பு அங்கி எதற்கு?

மாசி போய்ப் பங்குனி பிறந்துவிட்டால் போதும். தாம்பரம் பக்கத்துச் சிறிய பள்ளிக்கூடங்களில் ஒரே பரபரப்பு! பரீட்சைப் பரபரப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பட்டமளிப்பு விழாப் பரபரப்பு!

யாருக்குப் பட்டம்? எம்.ஏ. படித்தவருக்கா? டாக்டருக்குப் படித்தவருக்கா?

இல்லை. யு.கே.ஜி. படித்து முடித்த ஐந்து வயதுக் குழந்தைக்கு!

கறுப்பு அங்கி. தலையில் சதுரத் தொப்பி. தொப்பியின் ஓரத்தில் தொங்கும் குஞ்சலம். கையில் ரிப்பன் கட்டிய சுருட்டிய காகிதம். மேடையில் ஏறும் குழந்தைக்கு அங்கி தடுக்குகிறது. தொப்பி கண்ணை மறைக்கிறது. கழுத்தில் வியர்வை வழிகிறது. கீழே இருந்து அம்மா, "கண்ணு, சிரி! சிரி!" என்று கையைக் காட்டுகிறாள். குழந்தைக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. திருதிருவென்று விழிக்கிறது. அதற்குள் போட்டோ எடுத்தாகிவிட்டது. "அடுத்தது!" என்கிறார் போட்டோக்காரர்.

இந்த வழக்கம் நல்லதா, கெட்டதா? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

"நான் பாஸ் ஆகலையா?"

இரும்புலியூர் எப்படிப்பட்ட ஊர் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில், ஜி.எஸ்.டி. சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டி இருக்கும் ஊர். 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது, இதுவும் மாநகராட்சிக்குள் வந்தது. மெயின் ரோட்டில் எப்போதும் லாரி, பஸ், கார் சத்தம். தெருவுக்குள் நுழைந்தால் வேறு உலகம். வாடகை வீடுகள், மளிகைக் கடை, டிபன் கடை, இஸ்திரி வண்டி. ஒரு வீட்டை இரண்டாக்கி, மூன்றாக்கி நடத்துகிற சின்னப் பள்ளிக்கூடங்களும் இந்தப் பக்கத்தில் உண்டு.

என் தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர் குடியிருக்கிறார். நல்ல மனிதர். பொழுது விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்கு ஒரே பெண் குழந்தை. பக்கத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை. குழந்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. அதன் வயதுக் குழந்தைகள் எல்லாம் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, பாப்பா பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்டேன்.

"இன்னிக்குப் பட்டமளிப்பு விழாவாம் சார். அங்கி வாடகை, போட்டோ, வீடியோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டாங்க. இந்த மாசம் வண்டி எஃப்.சி.க்குப் பணம் கட்டினேன். கையில இல்லை. 'கட்டாயம் இல்லை, இஷ்டம் இருந்தா கட்டுங்க'ன்னுதான் சொன்னாங்க. அதான் அனுப்பலை" என்றார்.

அப்போது அந்தக் குழந்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது:

"அப்பா, நான் பாஸ் ஆகலையா?"

அவர் பதில் சொல்லவில்லை. வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். நானும் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

அந்தக் குழந்தைக்கு எல்லா எழுத்தும் தெரியும். நூறு வரை எண்ணத் தெரியும். கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கும். ஆனால் விழாவுக்குப் போகாததால், தான் பெயிலாகிவிட்டதாக நினைத்துக்கொண்டது!

"கட்டாயம் இல்லை" என்று பள்ளிக்கூடம் சொல்கிறது. பெரியவர்களுக்கு அது புரியும். ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரியுமா? தன் சிநேகிதிகள் எல்லாரும் போகிறார்கள். தான் போகவில்லை. அது அறிந்தது அவ்வளவுதான்.

அங்கி எங்கிருந்து வந்தது?

இந்தக் கறுப்பு அங்கி நம் ஊர்ச் சரக்கு அல்ல. ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகங்கள் தோன்றிய காலத்தில், அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் பாதிரிமார்களும் பாதிரி ஆகப் போகிறவர்களும்தான். அவர்கள் உடையே நீளமான அங்கி. கல் கட்டடத்தில் பாடம். குளிர் எலும்பைத் துளைக்கும். கதகதப்புக்கு அந்த அங்கி வேண்டியிருந்தது. பிறகு அதுவே படித்தவரின் அடையாளம் ஆகிவிட்டது.

நம் சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் தொடங்கியது. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து அமைத்தார்கள். பாடத்தோடு அங்கியும் வந்தது. குளிருக்குத் தைத்த உடையை, சென்னை வெயிலில் நாம் போட்டுக்கொண்டோம்!

தொப்பியை ஆகாயத்தில் தூக்கி எறிகிறார்களே, அது எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் அன்னாபொலிஸ் என்ற ஊரில் கடற்படைக் கல்லூரி இருக்கிறது. 1912-ஆம் ஆண்டில் அங்கே பட்டம் பெற்றவர்கள், படிக்கும்போது போட்ட தொப்பி இனிமேல் வேண்டாம், அதிகாரித் தொப்பி வந்துவிட்டது என்று பழைய தொப்பியை மேலே எறிந்தார்கள். அங்கே அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. இங்கே யு.கே.ஜி. குழந்தை எறிகிற தொப்பி வாடகைத் தொப்பி. எறிந்து கிழிந்தால் அதற்கு வேறு பணம் கட்ட வேண்டும்!

பல்கலைக்கழகங்களே இப்போது இந்த அங்கியை யோசிக்கத் தொடங்கிவிட்டன. 2010-ஆம் ஆண்டு போபாலில் வனத்துறைக் கல்லூரி ஒன்றின் பட்டமளிப்பு விழாவில், அப்போது மத்திய மந்திரியாக இருந்த ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே அங்கியைக் கழற்றிவிட்டார். "இது அந்நிய ஆட்சியின் மிச்சம்" என்பது அவர் கட்சி. 2019-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு, பட்டமளிப்பு விழாவுக்குக் கைத்தறித் துணியில் உடை தைக்கலாம் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. 2024-ஆம் ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகம், தன் கீழ் உள்ள மருத்துவக் கல்லூரிகள் கறுப்பு அங்கியை விட்டு, அந்தந்த ஊர் மரபுக்கு ஏற்ற உடைக்கு மாற வேண்டும் என்று சொன்னது.

பெரிய படிப்புப் படித்தவர்கள் கழற்றுகிறார்கள். பால்வாடி வயதுக் குழந்தைகளுக்கு நாம் மாட்டுகிறோம்! இது என்ன வேடிக்கை?

அந்தத் தாயின் ஆசை

இவ்வளவு சொன்னேனே, எனக்குப் பதில் சொன்ன ஒரு தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை இருக்கிறது. மெப்ஸ் என்று சொல்வார்கள். 1984-ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாள் அவர். எங்கள் பக்கத்து வீடு. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டவர். அவர் வீட்டுச் சுவரில், சுவாமி படத்துக்குப் பக்கத்தில், மகன் அங்கியும் தொப்பியுமாக நிற்கும் படம் மாட்டியிருக்கிறது.

"இதெல்லாம் வீண் செலவு இல்லையாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நிதானமாகச் சொன்னார்:

"உங்க வீட்டிலே பட்டம் வாங்கின போட்டோ இருக்கு தம்பி. எங்க வீட்டிலே யாருக்கும் இல்லை. எங்க அம்மா கைநாட்டு. நான் எட்டாவது. இவன் காலேஜ் முடிக்கிற வரைக்கும் என்ன ஆகுமோ, யார் கண்டது? காலையிலே ஷிப்டுக்குக் கிளம்பும்போது அந்தப் படத்தைப் பார்ப்பேன். அந்த நாள் வரும்னு ஒரு தைரியம் வரும். உங்களுக்கு அது வேடிக்கை. எனக்கு அது வேண்டுதல்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த அம்மாள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அங்கியைப் பார்த்துச் சிரிப்பது எனக்குச் சுலபம். எனக்கு அது கிடைத்துவிட்டது!

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே எதற்கு என்று கேட்ட காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பெண் பட்டம் வாங்குவது என்றால், அடைத்து வைத்த கதவை உடைத்துத் திறப்பதற்குச் சமம். ஆகவே பட்டத்துக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு துணியில் இல்லை. அதன் பின்னால் உள்ள உழைப்பில் இருக்கிறது.

அந்தத் தாயின் ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு தாய்க்கு நம்பிக்கை கொடுக்கிற விழா, இன்னொரு குழந்தையை "நான் பாஸ் ஆகலையா?" என்று கேட்க வைக்கலாமா? இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு விழா நடத்த முடியாதா? நிச்சயம் முடியும். அதற்கு முன்னால் நம் பழைய வழக்கங்களைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

பழைய நாளில் எப்படி விடை கொடுத்தார்கள்?

திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்த காலத்தில் வகுப்பும் இல்லை. ஆண்டு முடிவும் இல்லை. ஒரு சுவடி முடிந்தால் அடுத்த சுவடி. புதுச் சுவடி தொடங்கும் நாளில் வீட்டார் வசதிக்கு ஏற்றபடி வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கும் தட்சிணையும் கொடுப்பார்கள். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பொரி கடலை கிடைக்கும். படித்தவன் ஒருவன், பொரி தின்றவர்கள் எல்லாரும்! ஒருவன் முன்னேறியதில் எல்லாருக்கும் ஒரு பிடி பங்கு. எவ்வளவு நல்ல வழக்கம், பாருங்கள்!

பிறகு பெரிய பள்ளிக்கூடங்கள் வந்தன. எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. 1978-ஆம் ஆண்டில் பிளஸ் டூ வரும்வரை, பதினோராம் வகுப்புதான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. அந்தக் காலத்துப் பிரிவு உபசார விழாவை உங்கள் வீட்டுத் தாத்தாவைக் கேளுங்கள். கண் கலங்கச் சொல்வார்.

மாலையில் விழா. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, பதினோராம் வகுப்பு அண்ணன்மாருக்குத் தேநீர் விருந்து வைப்பார்கள். வாழை இலைத் துண்டில் கேசரி, ஒரு வடை, கொஞ்சம் மிக்சர். போகிறவர்களில் ஒருவன் எழுந்து நன்றி சொல்ல ஆரம்பித்துப் பாதியில் தொண்டை அடைத்து உட்கார்ந்துவிடுவான். கண்டிப்பான கணக்கு வாத்தியார் கூட அன்றைக்குப் பிரம்பை எடுத்து வரமாட்டார்!

பிறகு குரூப் போட்டோ. தலைமை ஆசிரியர் நடுவில். இரண்டு பக்கமும் மற்ற ஆசிரியர்கள் நாற்காலியில். உயரமான பையன்கள் பின்னால் பெஞ்சியின் மேல். குட்டையானவர்கள் முன்னால் தரையில் சம்மணம் போட்டு. நடுவில் ஒரு சிலேட்டு. அதில் வகுப்பும் வருஷமும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் பழுப்பேறிப்போய் இன்னும் இருக்கிறது. அதில் யார் பணக்காரன், யார் ஏழை என்று கண்டுபிடிக்க முடியாது. சிலர் காலில் செருப்பு இல்லை. ஆனால் ஒருவரும் குறைந்து நிற்கவில்லை.

அப்புறம் ஆட்டோகிராப். ரோஸ், மஞ்சள், பச்சை என்று பல வண்ணத் தாள் தைத்த குட்டிப் புத்தகம். வருஷம் பூராவும் சண்டை போட்டவன், கடைசி நாளில் அழகான கையெழுத்தில் "என்னை மன்னித்துவிடு" என்று எழுதிக் கொடுப்பான். அந்த ஒரு வரிக்கு எத்தனை பவுன் கொடுத்தாலும் ஈடாகுமா?

குறையும் இருந்தது. கடைசிப் பரீட்சை முடிந்ததும் வெள்ளைச் சட்டையில் மை தெளிக்கும் வழக்கம் இன்றும் போகவில்லை. அந்தச் சட்டையைத் தம்பிக்குக் கொடுக்கலாம் என்று அம்மா நினைத்திருப்பாள். பிள்ளைகள் அதை யோசிக்க வேண்டும்.

விழா இல்லாமல் போன இரண்டு வருஷங்கள்

"அப்படியானால் விழாவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே?" என்று சிலர் கேட்கலாம்.

கூடாது! விழா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம். 2020-ஆம் ஆண்டில் கொரோனா வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடின. அந்த ஜூன் மாதம் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு ரத்தாகி, எல்லாரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. 2021-ஆம் ஆண்டில் பிளஸ் டூ தேர்வும் ரத்தாயிற்று.

பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? முதல் நாள் பட்டார்கள். பிறகு ஒரு வெறுமை. பன்னிரண்டு வருஷம் படித்த பள்ளிக்கூடத்தை விட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டோமே என்ற வருத்தம். "டீச்சரிடம் சொல்லிக்கொள்ளவே இல்லை சார்" என்று அந்த வருஷத்துப் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள். இப்போது அவள் வேலைக்கே போய்விட்டாள். அந்தக் குறை தீரவில்லை.

நம் வீட்டில் யாராவது வெளியே கிளம்பும்போது, "போகிறேன்" என்று சொன்னால் பெரியவர்கள் விடமாட்டார்கள். "போய்ட்டு வர்றேன்னு சொல்லு" என்பார்கள். பிரிவு உபசாரம் என்பது அதுதான். பள்ளிக்கூடத்திடம் "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்வது. அதற்கு அங்கி வேண்டாம், வாய் போதும்.

ஓர் இலை போதும்!

உலகத்தில் எல்லாரும் அங்கியைத்தான் பிடித்துக்கொண்டு இருக்கிறார்களா? இல்லை.

வங்காளத்தில் கவி ரவீந்திரநாத் தாகூர், 1901-ஆம் ஆண்டில் சாந்திநிகேதனில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். எத்தனை பிள்ளைகள் தெரியுமா? ஐந்தே பேர்! நம் இரும்புலியூர்ப் பள்ளிக்கூடத்தை விடச் சின்னது. மரத்தடியில் பாடம். அதுவே வளர்ந்து பெரிய பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கே பட்டம் பெறுபவர்களுக்கு ஒரு மரபு இருந்தது. ஏழிலைப்பாலை மரத்தின் இலைக்கொத்தை ஆசியாகக் கொடுப்பது. தாகூரின் தந்தை தியானம் செய்த மரம் அது. ஓர் இலைக்கு என்ன விலை? ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இலையைப் புத்தகத்துக்குள் வைத்துப் பாதுகாக்காதவர் யார் இருப்பார்?

ஜப்பானில் பள்ளிக்கூடம் முடிவது மார்ச் மாதம். அங்கே பிள்ளைகள் சீருடைச் சட்டையின் இரண்டாவது பித்தானைப் பிடித்தமானவருக்குக் கொடுத்துவிட்டு வரும் வழக்கம் உண்டு. ஏன் இரண்டாவது? அதுதான் இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதாம்! ஒரு பித்தான், காசு செலவு இல்லை, ஆயுசுக்கும் மறக்காது.

நம் தாம்பரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் பட்டணத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. வந்த இடம் முள்ளும் புதருமாக இருந்தது. எட்வர்டு பார்ன்ஸ் என்ற பேராசிரியர் ஊர் ஊராக விதையும் கன்றும் தேடிக் கொண்டுவந்து நட்டார். இன்று அந்த வளாகம் ஒரு காடு. உள்ளே நுழைந்தால் ஜி.எஸ்.டி. சாலையின் சூடு மறந்துபோகும். அவர் போய்விட்டார். அவர் நட்ட நிழலில் இன்றைக்கும் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

போகிறவர் எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். 1950-களின் கடைசியில், காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் பெஞ்சி கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், கட்டடமே கட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு, "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" என்ற திட்டத்தைத் தொடங்கியபோதும், பழைய மாணவர்களைப் பார்த்துத்தான் உதவி கேட்டது. கையில் வாடகை அங்கியோடு அனுப்பப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தின் நினைவு எவ்வளவு இருக்கும்? கையால் ஒரு கன்று நட்டுவிட்டுப் போன பிள்ளை, அது காய்த்ததா என்று பார்க்கவாவது திரும்பி வரும்!

சீருடை எதற்காக வந்தது?

பள்ளிக்கூடத்தில் சீருடை ஏன் வைத்தோம்? ஏழை வீட்டுப் பிள்ளை பழைய சட்டையிலும், பணக்கார வீட்டுப் பிள்ளை பட்டுச் சட்டையிலும் வந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் ஏங்கக் கூடாது என்றுதான். வருஷம் முழுவதும் அதைக் காப்பாற்றிவிட்டு, கடைசி நாளில் காற்றில் பறக்கவிடுவது நியாயமா?

பெரிய வகுப்பிலும் இதே கதைதான். பிரிவு உபசார நாள் என்றால் பெண் பிள்ளைகளுக்குப் புதுப் புடவை, அதற்கு ஏற்ற ஜாக்கெட், வளையல். பையன்களுக்குக் கோட்டு சூட்டு. "எல்லாரும் போடறாங்கம்மா" என்று பிள்ளை சொன்னால், எந்தத் தாயால் மறுக்க முடியும்? அண்டா குண்டாவை அடகு வைத்தாவது வாங்கிக் கொடுப்பாள்.

தனியார் பள்ளிகள் வாங்கும் கட்டணத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஏழைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளிகளின் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் ஒதுக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் அந்தக் குழந்தையை வகுப்புக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. கடைசி நாளில் 'இஷ்டம் இருந்தால் கட்டுங்கள்' என்ற ஒரு சீட்டு, அதே குழந்தையை வாசற்படியில் உட்கார வைக்கிறது. இதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தாரையும் நான் முழுக்கக் குற்றம் சொல்லமாட்டேன். சின்னப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர் பாடும் கஷ்டம்தான். கட்டட வாடகை இருக்கிறது. ஆசிரியர் சம்பளம் இருக்கிறது. "பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அங்கி போடுகிறார்கள், நாம் போடாவிட்டால் அடுத்த வருஷம் பிள்ளை சேராது" என்ற பயம் வேறு. பெற்றோரும் அந்தப் போட்டோவைப் பார்த்துத்தானே பள்ளிக்கூடத்தை எடை போடுகிறோம்? தப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது.

சின்னப் பள்ளிக்கூடத்தின் பெரிய செல்வம்

சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய மைதானம் இல்லை. நீச்சல் குளம் இல்லை. ஆனால் பெரிய பள்ளிக்கூடத்தில் இல்லாத செல்வம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்!

ஆயிரம் பிள்ளைகள் உள்ள இடத்தில் அது முடியாது. இருபது பிள்ளைகள் உள்ள இடத்தில் ஆயாவுக்குக் கூடத் தெரியும், எந்தக் குழந்தை சாதத்தில் கறிவேப்பிலையை ஒதுக்கும், எந்தக் குழந்தை மழை இடிக்குப் பயப்படும் என்று. அந்தச் செல்வத்தை வைத்து விழா நடத்துங்கள்.

என் பள்ளிக்கூடத்தில் பிரிவு உபசார நாளன்று, எங்கள் தலைமை ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி ஒரு வார்த்தை சொன்னார். முதல் மார்க் பையனைப் பற்றி மட்டும் அல்ல. கடைசி பெஞ்சிப் பையன் ஒருவனை எழுப்பி, "இவன் மூன்று வருஷமாகத் தினமும் கரும்பலகையைத் துடைத்தான். யாரும் சொல்லாமல் துடைத்தான்" என்றார். எல்லாரும் கை தட்டினோம். அந்தப் பையன் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மூன்று பாடத்தில் தவறியவன் அவன். ஆனால் அன்றைக்கு அவனுக்குக் கிடைத்ததுதான் பட்டம்!

நான் சொல்லும் யோசனை

ஆகவே என் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, விழா வேண்டும். அதற்காக எந்தப் பெற்றோரிடமும் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. கட்டாயமும் வேண்டாம்; இஷ்டமும் வேண்டாம்.

இரண்டாவது, அங்கிதான் வேண்டும் என்றால் பள்ளிக்கூடமே ஒரு தடவை இருபது தைத்து வைத்துக்கொள்ளட்டும். வருஷா வருஷம் துவைத்துப் போடலாம். அதைவிட நல்லது, தோளில் ஒரு கைத்தறித் துண்டு. பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிற நாட்டில், குழந்தைக்கு ஒரு சின்னத் துண்டு போர்த்தினால் என்ன? நெசவாளிக்கும் ஒரு வேளைச் சோறு. அந்தத் துண்டோடு போட்டோ எடுத்து எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளும் சுவரில் மாட்டலாம்.

மூன்றாவது, மாலை ஆறு மணிக்கு வையுங்கள். காலையில் வைத்தால் ஷிப்டுக்குப் போகிற தாய் எப்படி வருவாள்? ஆட்டோ ஓட்டுகிற தகப்பன் எப்படி வருவான்? வெயிலும் தணிந்திருக்கும்.

நான்காவது, ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்து, அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அச்சடித்த சர்டிபிகேட்டை விட அதற்கு மதிப்பு அதிகம்.

ஐந்தாவது, அந்த மேடையில் ஆயாவுக்கும் வாட்ச்மேனுக்கும் வேன் டிரைவருக்கும் இடம் கொடுங்கள். குழந்தையின் மூக்கைத் துடைத்தவர் யார்? ரோட்டைத் தாண்ட வைத்தவர் யார்? குழந்தைகள் கையாலேயே அவர்களுக்கு ஒரு பூ கொடுக்கச் சொல்லுங்கள். நன்றி என்றால் என்ன என்று அன்றைக்குப் படித்துக்கொள்ளும்.

ஆறாவது, போகிற வகுப்பு ஒரு கன்று நட்டுவிட்டுப் போகட்டும். இடம் இல்லையா? ஆளுக்கு ஒரு கதைப் புத்தகம் பள்ளிக்கூடத்து அலமாரிக்குக் கொடுக்கட்டும். பழைய புத்தகம் போதும். முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதட்டும்.

இவ்வளவுதான். இதற்கு வாடகை இல்லை. வீடியோ இல்லை. மனசு மட்டும் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்திலிருந்து பணம் கேட்டுச் சீட்டு வந்தால், கட்ட முடிந்தவர்களே முதலில் எழுந்து பேசுங்கள். கட்ட முடியாதவர் வெட்கப்பட்டுப் பேசமாட்டார். உங்கள் குழந்தையின் சிநேகிதி வராத விழாவில், உங்கள் குழந்தைக்கு மட்டும் என்ன சந்தோஷம்?

அந்த ஷேர் ஆட்டோ டிரைவரின் பெண் இப்போது ஒன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டு வாசலில் நின்று பேப்பரில் இருக்கும் பெரிய எழுத்துத் தலைப்புகளைப் படிக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை இதன் தலைப்பையும் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.

அதற்காகவே இதை இங்கே எழுதி வைக்கிறேன்:

பாப்பா, நீ பாஸ்! அன்றைக்கே நீ பாஸ்!